சித்திரையில் நட்ட தக்காளி: கோண்டாவில் வாசகிக்கு ஒரு பதில்

யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

"இரண்டு பரப்புக் காணியில் இரண்டு வருடங்களுக்கு முன்னர் வீடு கட்டிக் குடிபுகுந்தோம். குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் உள்ள துண்டில், சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் நட்டோம். புடோலையும் பாகலையும் பந்தலில் ஏற்றினோம். காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். யூடியூப்பில் பார்த்துக் கிழமைக்கு ஒரு தடவை சாம்பலும் இடித்த முட்டைக்கோதும் போட்டேன். இலை மஞ்சளானதால் பத்து நாளைக்கு ஒருமுறை செடிக்கு ஒரு சிரங்கை யூரியா போட்டேன். தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டியது. மிளகாய் இலை சுருண்டது. புடோல் பிஞ்சு விரல் நீளத்திலேயே மஞ்சளாகி விழுகிறது. கணவர் கடையில் கேட்டு ஒரு சின்னப் போத்தலில் மருந்து வாங்கிவந்து ஞாயிறு காலையில் அடிக்கிறார். போத்தலில் லேபல் ஒன்றும் இல்லை. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து எங்களோடுதான் நிற்கிறா. பேரனுக்கு மூன்று மாதம். மாமி, 'உன்ர கைக்கு ஒண்டும் வராது பிள்ளை, விட்டிடு' என்கிறா. பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்குவது இதைவிட மலிவு என்கிறார் கணவர். எனக்கு விட மனமில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, இந்த ஆடியில் புதிதாகத் தொடங்கட்டுமா? ஒரு லோட் செம்மண் பறிக்கட்டுமா? இல்லாவிட்டால் மேல்மாடியில் பைகளில் வைக்கட்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் என் மனதில் நின்றது தக்காளி அல்ல, பேரப்பிள்ளையும் கிணறும்தான். ஆகவே மூன்று விடயங்களை இன்றைக்கே செய்யுங்கள், மற்றவற்றை ஆறுதலாகப் பார்க்கலாம். லேபல் இல்லாத அந்தப் போத்தலை இனித் தொடவேண்டாம். கானிலோ மண்ணிலோ ஊற்றிவிடாமல், மூடியை இறுக்கிப் பூட்டிய இடத்தில் வையுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பேரனுக்குப் புட்டிப்பால் கொடுப்பதானால், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கவேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார் என்றால் கவலையில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கிணற்றைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

மாமி சொன்னது உங்களை நோகடித்திருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. நாள் தவறாமல் தண்ணீர் விட்டு, கிழமை தவறாமல் எதையாவது கொண்டுபோய்ப் போட்ட கை அது. கவனிக்காமல் விட்டுக் கெட்ட தோட்டம் அல்ல உங்களுடையது. மாதம் பிழைத்தது. அதற்குமேல், மண்ணில் ஏற்கெனவே கூடுதலாக இருந்ததையே நீங்களும் அள்ளிப் போட்டிருக்கிறீர்கள்.

மாதம் பிழைத்த கதை

தக்காளிப் பூ காயாக வேண்டுமென்றால் இரவு குளிரவேண்டும். இரவு வெப்பநிலை 15 முதல் 21 பாகைக்குள் இருந்தால் மகரந்தம் நன்றாகச் சேரும். சித்திரைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இரவிலும் 26, 27 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. பகலில் 32 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் மகரந்தம் கெட்டுவிடும், பூ காம்போடு கழன்று விழும். நீங்கள் எந்தப் பசளை போட்டிருந்தாலும் அந்தப் பூக்கள் கொட்டித்தான் இருக்கும். யூரியா போட்டதால் இலையும் தண்டும் கொழுத்துப் பூ இன்னும் பின்வாங்கியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தக்காளிக்கு உகந்த காலம் ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகைக்குள் நாற்றுப் போட்டு, மார்கழியில் பெருமழை ஓய்ந்ததும் நட்டு, மாசி, பங்குனியில் பறிப்பது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதே காலம்தான் நல்லது. ஆனால் அவை சூட்டைத் தக்காளியைவிடப் பொறுத்துக்கொள்ளும்.

ஆடிப்பட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பழமொழியில் பிழையில்லை. தென்மேற்குப் பருவமழையோ ஆற்றுத் தண்ணீரோ ஆடியில் வந்து சேரும் இடங்களுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. ஆடியில் எங்களுக்கு வருவது மழையல்ல, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. இளம் நாற்றின் இலையை ஒரே பகலில் காய வைத்துவிடும். எங்கள் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் உச்சம் தொடும். வயற்காரர் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது அதனால்தான். நீங்கள் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுத்தவை. சொல்பவர் தன் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். அவருடைய மாதத்தையும் மண்ணையும் அப்படியே கோண்டாவிலுக்குக் கொண்டுவந்தால்தான் பிழைக்கிறது.

எனவே இந்த ஆடியில் நாற்று நடவேண்டாம். இந்த இரண்டு மூன்று மாதமும் மண்ணைத் திருத்துவதற்குக் கிடைத்த காலம்.

மஞ்சள் இலை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி ஒன்று உண்டு: "புது இலைதான் முதலில் மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையாக நிக்குது." இதை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தீர்களே, அதற்காகவே நன்றி சொல்லவேண்டும். நைதரசன் குறைந்தால் அடியிலுள்ள பழைய இலை முதலில் முழுவதுமாக வெளிறும். உப்புக் கூடினால் இலையின் ஓரம் கருகும். நுனிக் குருத்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சை வலைபோல் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. யூரியா அதற்கு மருந்தே அல்ல.

செம்மண்ணில் இரும்பு இல்லாமலா என்று கேட்பீர்கள். இருக்கிறது, செடிதான் எடுக்க முடியாமல் நிற்கிறது. குடாநாட்டு மண்ணுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அந்தச் சுண்ணாம்புதான் ஒவ்வொரு இறைப்போடும் மண்ணில் சேர்கிறது. அதனால் மண் காரப்பக்கம் சாய்ந்திருக்கும். கார மண்ணில் இரும்பு கரையாது, வேர் உறிஞ்ச முடியாது. சாம்பலும் காரம், முட்டைக்கோது முழுக்கச் சுண்ணாம்பு. புளிப்பு மண் உள்ள ஊர்களில் இவை இரண்டும் நல்ல பொருட்கள். மலையகத்தில் இருந்து ஒருவர் கேட்டிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. வீடு கட்டி இரண்டே வருடம் என்கிறீர்கள். குசினிக்குப் பின்னால் உள்ள துண்டில்தான் மேசன்மார் சீமெந்து குழைத்திருப்பார்கள், கல் உடைத்திருப்பார்கள். மண்வெட்டியால் ஒரு அடி கொத்திப் பாருங்கள். சாம்பல்நிறக் கட்டியும் சல்லியும் வந்தால் மண் எவ்வளவு காரமாகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம். காய்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. காணியின் வேறு மூலையில் எடுத்த மண்ணுக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் பாத்தி போடுவது என்பதை அந்த நுரையே சொல்லிவிடும்.

முறையான மண் பரிசோதனையும் செய்விக்கலாம். நான்கைந்து இடத்தில் அரை அடி ஆழத்தில் மண் எடுத்து ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் ஒரு பையில் கட்டிக்கொண்டு உங்கள் கமநல சேவைகள் நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். பி.எச். அளவையும் (மண்ணின் புளிப்பு, காரத் தன்மை) உப்பின் அளவையும் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். போதனாசிரியர் கமக்காரருக்கு மட்டும் உரியவர் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஆலோசனை சொல்வதும் அவருடைய வேலைதான். கூச்சப்படாமல் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையும் இருக்கிறது.

திருத்துவதற்கு வழி உங்கள் வேலியிலேயே நிற்கிறது. பூவரசங்குழை, வேப்பங்குழை, சீமைக்கிளுவைக் குழை இவற்றை வெட்டிப் பாத்தி மண்ணுக்குள் தாழ்த்துங்கள். எங்கள் அப்பு, ஆச்சிமார் தோட்டத்துக்குக் குழை தாட்டது சும்மா அல்ல. உக்கும் இலை மண்ணை மெல்ல மெல்லப் புளிப்புப் பக்கம் இழுக்கும், இரும்பைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும், தண்ணீரையும் தாங்கும். ஆவணிக்குள் தாட்டு ஈரம் காயாமல் வைத்திருந்தால் ஐப்பசிக்கு உக்கிவிடும். அதற்கிடையில் கத்தரி இன்னும் உயிரோடு நின்றால், ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்து வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்துப் பாருங்கள். புது இலை பச்சையாக வந்தால் நோய் இதுதான் என்று உறுதியாகும்.

யூரியா எங்கே போகிறது

யூரியாவில் 46 வீதம் நைதரசன். செடிக்கு ஒரு சிரங்கை போட்டால் அதில் ஒரு சின்னப் பங்கைத்தான் செடி எடுக்கும். மிச்சம் மண்ணில் நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கும். காலையும் மாலையும் நீங்கள் விட்ட தண்ணீர் அதை இன்னும் வேகமாக இறக்கியிருக்கும். எங்கள் மண் ஆழமில்லாதது. அதற்குக் கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வடிகட்ட அங்கே ஒன்றும் இல்லை. குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் போட்ட யூரியா கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்தக் கிணறுதான். மலசலகூடக் குழியிலிருந்து வருவதும் அதனோடு சேரும்.

குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து உதடும் விரல் நுனியும் நீலம் பாரிக்கலாம். "கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிருமிக்கு அது நல்லது. நைத்திரேற்றுக் கொதியில் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதைத் தயவுசெய்து மகளுக்கும் சொல்லுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், கிணற்றுத் தண்ணீரை எங்கே, எப்படிச் சோதிப்பது என்று வழிகாட்டுவார். பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் கிணறு நல்லதாகவே இருக்கலாம். சோதித்துத் தெரிந்துகொள்வதுதான் முறை.

2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது ஒரு கிலோ யூரியாவுக்கு எல்லோரும் ஆலாய்ப் பறந்தோம். அதற்குப் பிறகு, கிடைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கம் வீட்டுத் தோட்டம் வரை வந்துவிட்டது. யூரியா நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அளவோடு போட்டால் கமத்துக்கு அது வேண்டும். ஆனால் கிணற்றடியில் இரண்டு பாத்திக்கு எருவும் கூட்டெருவும் தாராளம். எருவையும் பச்சையாகக் கிணற்றுக்குப் பக்கத்தில் குவிக்கவேண்டாம், அதுவும் நைத்திரேற்றாகத்தான் இறங்கும். உக்கியதைப் போடுங்கள், கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் பாத்தி போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள்.

தண்ணீரையும் குறைக்கலாம். நாற்று வேர் பிடிக்கும்வரை தினமும் விடுங்கள். பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள், வேர்மட்டம் நனையும் அளவுக்கு. பாத்தியை வைக்கோல், காய்ந்த இலை, பொச்சு ஏதாவது கொண்டு மூடிவிடுங்கள். குடாநாட்டின் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கும் ஒரு படைதான். மேலே இறைக்க இறைக்கக் கீழேயுள்ள உப்பு ஏறிவரும். மோட்டர் வந்தபிறகு இதை நாங்கள் மறந்துபோனோம். குசினிக் கழிவுநீரைக் கீரைக்கு விடவேண்டாம், வாழைக்கு விடுங்கள்.

மருந்துப் போத்தல்

லேபல் இல்லாத மருந்தைக் கடைக்காரர் சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது உதவி மாதிரித்தான் தெரியும். அது சட்டவிரோதம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கலக்கவேண்டும், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், தவறிக் குடித்துவிட்டால் வைத்தியருக்கு என்ன சொல்லவேண்டும், எல்லாம் லேபலில்தான் இருக்கும். பரகுவாட், டைமெதோயேற், பென்தியன் போன்ற மருந்துகளை இந்த நாட்டில் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தியது, அவற்றால் எத்தனையோ உயிர்கள் போனதால்தான். பெயர் தெரியாத போத்தலில் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நாளைக்குத் தவழப்போகும் பிள்ளை உள்ள வீடு உங்களுடையது.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். போத்தலைப் போதனாசிரியரிடம் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். முறைப்பாடு செய்வதா, எச்சரித்து விடுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். தெரிந்த முகம், பகைக்க விருப்பமில்லை என்ற தயக்கம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதே மருந்தை அதே கடையில் வேறு வீடுகளும் வாங்கும். அதனால் சொல்லாமல் விடவேண்டாம்.

இன்னொன்று. கணவர் ஞாயிறு காலையில் அடிக்கிறார். காலையில்தான் தேனீ வரும். கிழமை தவறாமல் அடித்தால் பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் சாகும். அதற்குப் பிறகு இலைச்சாறு உறிஞ்சும் சிற்றுண்ணியும் பனிப்பூச்சியும் முன்னரைவிடப் பெருகும்.

மிளகாய் இலை சுருள்வதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. நுனிக் கிளையை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்துத் தட்டிப் பாருங்கள். ஊசிமுனையளவு மஞ்சள் கீற்றுகள் தாளில் ஓடினால் பனிப்பூச்சி, அப்போது இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து தோணிபோல் நிற்கும். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. அது கண்ணுக்குத் தெரியாது. செடி முழுக்கக் குறுகி, இலை சிறுத்து, நரம்பு மஞ்சளாகியிருந்தால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு, அதற்கு மருந்தே இல்லை, பிடுங்கி எரித்துவிடுங்கள். முதல் இரண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் உதவும். இப்போது ஆனி, ஆடியில் வேம்புக்குக் கீழே கொட்டிக் கிடப்பதைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். தேவைப்படும்போது பருப்பை இடித்து, 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் சேர்த்து, பொழுதுபடும் நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஒரு தடவையில் நிற்காது, ஐந்தாறு நாள் விட்டுத் திரும்பத் தெளிக்கவேண்டும்.

புடோலுக்கு நோய் ஏதும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். விழுந்த பிஞ்சு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் பழ ஈ. புழு இல்லாமல் வெறுமனே வாடி மஞ்சளாகியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. புடோல் பூ பொழுதுபட்டபிறகுதான் விரியும். அடியில் பிஞ்சோடு தனியாக நிற்பது பெண்பூ, நீண்ட காம்பில் கொத்தாக வருவது ஆண்பூ. இருட்டினபிறகு ஓர் ஆண்பூவைப் பறித்து அதன் நடுவைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் இதையே விடியக்காலையில் செய்யவேண்டும். பழ ஈ என்றால் பிஞ்சிலேயே கடதாசிப் பையால் மூடுங்கள். விழுந்த காயைக் கூட்டெருக் கிடங்கில் போடாமல் கறுப்புப் பொலித்தீனில் கட்டி வெயிலில் வையுங்கள், உள்ளேயே புழு வெந்துவிடும்.

கத்தரியில் நுனி திடீரென்று தலைசாய்ந்து நின்றால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். ஓர் அங்குலம் கீழே வெட்டி எரியுங்கள். கிழமைக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

செம்மண் லோட்டா, மேல்மாடியா?

செம்மண் பறிக்க அவசரப்படவேண்டாம். பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய நல்ல தோட்ட நிலத்தைத் தோண்டி வருவது. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் மண் அகழ்ந்து ஏற்றுவது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பத்திரம் இருந்தாலும், அந்த மண் எந்த நோயோடு வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சீமெந்துக் கட்டி கிடக்கும் துண்டை விட்டுவிட்டு வினாகிரிக்கு நுரைக்காத மூலைக்குத் தோட்டத்தை மாற்றுங்கள். ஆறு மணித்தியால வெயில் விழும் இடமா என்று மட்டும் பாருங்கள்.

மேல்மாடியை நான் விரும்பவில்லை. கொங்கிறீற்றுத் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடும். பையிலுள்ள மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும். படியேறித் தண்ணீர் சுமப்பது உங்கள் முழங்காலுக்கும் நல்லதல்ல (முழங்கால் நோவைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள்). பைதான் வேண்டுமென்றால் வீட்டின் கிழக்குப் பக்கத்தில், நிலத்தில், உரப்பைகளில் வையுங்கள். மேல்மண், உக்கிய எரு, தும்புத்தூள் மூன்றும் சமபங்கு. தும்புத்தூளை இரண்டு முறை ஊறவைத்து வடித்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் உப்பு இருக்கும்.

இந்த மாரிக்கு

மிளகாய் பத்துச் செடி, கத்தரி ஆறு, ஒரு பாகல் பந்தல், இரண்டு பாத்தி பயற்றை, ஒரு பாத்தி கீரை. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு முதல் வருடம் இது போதும். தக்காளி ஆசையிருந்தால் நான்கு செடி. கத்தரியில் திருநெல்வேலி ஊதா, பாகலில் திருநெல்வேலி வெள்ளை, மிளகாயில் எம்.ஐ. 2 என்று கேட்டு, திணைக்களத்தின் விதை விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். இவற்றின் விதையை எடுத்து அடுத்த வருடமும் போடலாம். ஹைபிரிட் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. தெருவோரத்தில் நாற்று வாங்குவதைவிட நீங்களே ஒரு சின்ன மேடையில் போட்டால் நோய் வாங்கிவருவது குறையும்.

மாரிக்குப் பாத்தியை ஓரடியாவது உயர்த்துங்கள். பிந்திப் பெய்யும் மழையில் வேர் மூழ்கினால் மிளகாய் போய்விடும். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். அவை நின்ற இடத்தில் அடுத்த முறை பயற்றையைப் போடுங்கள். மழையோடு ஆபிரிக்க நத்தை வரும். அதன்மேல் உப்புத் தூவுவது எங்கள் வீடுகளில் வழக்கமாகிவிட்டது, அந்த உப்பு உங்கள் பாத்தியில்தான் கிடக்கும். பொழுதுபட்டபிறகு கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, தோட்டத்துக்கு வெளியே தாட்டுவிடுங்கள்.

மாமியை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். அவ சின்ன வயதில் எந்த மாதம் கத்தரி நட்டவ, எந்தக் குழை தாட்டவ, விதையை எப்படிச் சாம்பலில் புரட்டி வைத்தவ என்று கேட்டுப் பாருங்கள். (விதை வைக்கச் சாம்பல் நல்லதுதான், பாத்திக்குத்தான் வேண்டாம்.) கைராசி என்று அவ சொல்வதற்குள் காலமும் மண்ணும் அறிந்த ஓர் அனுபவம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் சொல்தான் உங்களை நோகடித்துவிட்டது. கேட்கத் தொடங்கினால் அந்தச் சொல் தானாகவே குறையும்.

கணவருடைய கணக்கும் முழுப் பிழையல்ல. மாசி, பங்குனியில் சந்தையில் தக்காளி கொட்டிக் கிடக்கும், அப்போது வீட்டுத் தக்காளி உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தராது. வெங்காயத்தையும் சந்தைக்கே விட்டுவிடுங்கள். பச்சைமிளகாய், கீரை, பயற்றங்காய், கறிவேப்பிலை, இவை தினம் வேண்டும், ஒரு நாளில் வாடும், விலை ஏறி இறங்கும். வீட்டில் வளர்த்துப் பயன் காண்பது இவற்றில்தான். என்ன அடித்தார்கள் என்று தெரியாத கீரையைப் பேரனுக்குச் சோறோடு மசித்துக் கொடுக்கவேண்டியதில்லை என்பதையும் அவருடைய கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். 50க்கு மேல் இருந்தால் அந்தக் கிணற்றை என்ன செய்வது என்று தனியாகப் பேசவேண்டும். மார்கழியில் நட்டபின் மிளகாய் மறுபடி சுருண்டால், தாளில் தட்டிப் பார்த்ததையும் இலை மேல்நோக்கியா கீழ்நோக்கியா மடிந்திருக்கிறது என்பதையும் குறித்து, இலையின் அடிப்பக்கப் படத்தோடு அனுப்பிவையுங்கள்.